எத்தனையாவது சுற்று? மறுஉற்பத்தி ஆக்சில்களின் தரமும் 20.3ஆம் பிரிவின் வாசிப்பும்

பழைய கார்களுக்கான மறுஉற்பத்தி ஆக்சில்களைப் பற்றிய ஆய்வுகளில் இரண்டு முடிவுகள் ஏறக்குறைய மறுபேச்சின்றி நிலைபெற்றுவிட்டன. அமெரிக்கச் சந்தையில் 'மறுஉற்பத்தி' என்ற பெயரை முறையாகத் தாங்கிவரும் உறுப்புக்கு ஒரு குறைந்தபட்சத் தரம் உறுதி என்பது ஒன்று. அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலுள்ள ஏற்றத்தாழ்வை உத்தரவாதக் காலமே காட்டிக்கொடுக்கும் என்பது மற்றொன்று. முன்சக்கர இயக்கக் கார்களில் கியர்பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு இயக்கத்தைக் கொண்டுசெல்லும் சி.வி. ஆக்சிலைப் பொறுத்தவரை இரண்டும் நிற்கா என்பது என் வாதம். இரண்டாவதை மறுப்பது எளிது. முதலாவது ஓர் ஒழுங்குமுறை ஆவணத்தின் வாசிப்பைச் சார்ந்திருப்பதால் அதற்கே இங்கு இடம் அதிகம்.

அந்த ஆவணம், அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் பயன்படுத்தப்பட்ட வாகன உறுப்புகளுக்காக வெளியிட்டு, 2014இல் திருத்திய வழிகாட்டு நெறிகள். அவற்றின் 20.3ஆம் பிரிவு, ஓர் உறுப்பை எப்போது 'மறுகட்டமைத்தது' என்று விற்கலாம் எனச் சொல்கிறது. கடைசியாகப் பயன்பட்டதற்குப் பிறகு அதைத் தேவையான அளவு பிரித்துக் கட்டியிருக்க வேண்டும். பாகங்களைத் துரு நீக்கித் துப்புரவு செய்திருக்க வேண்டும். பழுதானவற்றையும் கணிசமாகத் தேய்ந்தவற்றையும் நல்ல நிலைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும், அல்லது மாற்றியிருக்க வேண்டும். தேவைப்படும் இயந்திர வேலைகளையும் முடித்திருக்க வேண்டும். மாற்றாக வைக்கும் பாகம் புதியதாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மறுகட்டமைத்ததோ, குறையற்ற பழையதோ போதும். 'மறுஉற்பத்தி' என்ற பெயருக்கு இதே பிரிவு கூடுதலாகக் கேட்பது ஒன்றுதான்: இவ்வேலை, இத்தகைய வேலையையே வழக்கமாகச் செய்யும் தொழிற்சாலையில் நடந்திருக்க வேண்டும். இரு பெயர்களையும் பிரிப்பது வேலை நடந்த இடமே ஒழிய, வேலையின் ஆழமல்ல. தரப்படிநிலை பற்றிப் பேசும் ஆய்வுகள் இதை ஏன் கடந்துபோகின்றன என்பது எனக்கு வியப்பு.

வழக்கமான வாசிப்பு இப்பிரிவை ஒரு தர அளவுகோலாகவே எடுத்துக்கொள்கிறது. ஆல்டர்னேட்டருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் அந்த வாசிப்பு பெரும்பாலும் பொருந்தும். அவற்றில் முதலில் தேய்வன பிரஷ், பேரிங் போன்றவை. அவற்றைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடலாம். அங்கே நல்ல நிலைக்குக் கொண்டுவருவதும் மாற்றுவதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய் முடியும். எனவே பிரிவு அவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்ததில் அங்கே குறை காண இடமில்லை.

சி.வி. ஆக்சிலில் நிலைமை வேறு. சக்கரத்தை ஒட்டிய வெளி ஜாயிண்ட் பெரும்பாலும் ரெஸெப்பா வகை: கிண்ணம் போன்ற வெளிவளையம், நட்சத்திர வடிவ உள்வளையம், நடுவில் கூடு, கூட்டின் சாளரங்களில் ஆறு எஃகு உருண்டைகள். உருண்டைகள் ஓடும் தடங்கள் கிண்ணத்திலும் உள்வளையத்திலும் வெட்டப்பட்டவை. அதாவது தேயும் பரப்பே உறுப்பின் உடல். தடத்தின் மேற்பரப்பு ராக்வெல் சி அளவில் 60ஐ ஒட்டிய கடினம் பெறும்படி வெப்பப் பதமூட்டப்படுகிறது. பதம் இறங்குவது சில மில்லிமீட்டருக்குள்தான், அடியில் இருப்பது மென்மையான எஃகு. கார் பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் உருண்டைகள் தடத்தின் ஒரு குறுகிய பகுதியிலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்தால், அந்தக் குறுகிய பகுதியில்தான் குழி விழும். திருப்பத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கேட்கும் 'டக் டக்' ஒலிக்கு வழக்கமான காரணம் இந்தக் குழியும் கூட்டின் தேய்ந்த சாளரங்களும்.

இதைச் சரிசெய்யத் தடத்தைச் சாணை பிடித்து, குழியின் அடிமட்டம் வரை முழுத் தடத்தையும் தாழ்த்துகிறார்கள். அகன்ற தடத்துக்குச் சற்றுப் பெரிய உருண்டைகளைப் போட்டு, கூட்டின் சாளரங்களையும் அதற்கேற்ப அகலப்படுத்துகிறார்கள். அரிவாளைச் சாணை பிடிக்கப் பிடிக்கக் கூர் திரும்பினாலும் அலகு குறுகிக்கொண்டே போகும். இங்கே குறுகுவது பதமேறிய அடுக்கு. உருண்டை தடத்தை அழுத்தும்போது வெட்டுத் தகைவின் உச்சம் மேற்பரப்பில் இராது, சற்றுக் கீழே இருக்கும். அடுக்கு மெலிய மெலிய அந்த உச்சம் மென்மையான எஃகை நெருங்குகிறது. நெருங்கினால் செதில் உதிர்வது விரைவாகும். இன்னொன்றும் உண்டு. உள்வளையத் தடங்களின் வளைவு மையமும் வெளிவளையத் தடங்களின் மையமும் ஜாயிண்ட்டின் நடுப்புள்ளிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் சற்று விலகியிருப்பதால்தான், உருண்டைகள் இரு தண்டுகளுக்கும் இடைப்பட்ட கோணத்தைச் சமமாகப் பிரிக்கும் தளத்தில் நிற்கின்றன. சாணைக்கல் அந்த விலகலைப் பிசகச் செய்தால் சுமை கூட்டின் மேல் ஏறும். பளபளக்கும் தடத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஒரு சுற்றில் போகும் உலோகம் சொற்பம், அதனால் ஆக்சில் கெடாது என்று சொல்லலாம். இந்த எதிர்வாதம் வலுவானது, அதை ஒப்புக்கொள்கிறேன். முதல் சுற்றில், கவனமாகச் செய்தால், கெடாது. அதனால்தான் இது எத்தனையாவது சுற்று என்பது கேள்வியாகிறது. 20.3ஆம் பிரிவு கேட்காதது அதைத்தான். கடைசிப் பயன்பாட்டுக்குப் பின் செய்தது என்ன என்பதோடு அதன் பார்வை நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய சுற்றுகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. இருபது, முப்பது ஆண்டு பழைய ஹோண்டா அக்கார்டுக்கோ டொயோட்டா கேம்ரிக்கோ வாங்குபவருக்கு இது ஏட்டுச்சுரைக்காய் விவாதமல்ல. அந்த மாடல்களுக்குக் கார் நிறுவனத்தின் முதல்தர ஆக்சில்கள் இனிப் பெருமளவில் வரப்போவதில்லை. வைப்புத்தொகை கொடுத்துத் திரும்பப் பெறும் பழைய ஆக்சில்கள், தொழிலில் 'கோர்' எனப்படுபவை, அதே வட்டத்துக்குள் சுழல்கின்றன. கார் பழையதாக ஆக, கையில் வரும் கோர் ஏற்கெனவே சாணை கண்டதாக இருக்கும் வாய்ப்பு கூடத்தானே செய்யும்?

பிரிவின் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். பூட் விரிசல் விட்டதுமே கழற்றப்பட்ட ஓர் அசல் ஆக்சிலை எடுத்துக்கொள்வோம். தடங்களில் குழி இல்லை. பிரித்து, கழுவி, புது கிரீஸும் புது பூட்டும் போட்டுப் பூட்டினால் போதும். தேவையான வேலை முழுதும் தொழிற்சாலையில் நடந்துவிட்டதால் பிரிவின்படி இது மறுஉற்பத்தி. மூன்று முறை சாணை கண்டு, உருண்டை ஒவ்வொரு முறையும் பெருத்து, சாளரம் அகன்று போன ஆக்சிலும் அதே பிரிவின்படி மறுஉற்பத்தியே. இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே பாக எண்ணில், ஒரே விலைக்கு வரலாம். இரு துருவங்களையும் ஒரே பெயரால் அழைக்கும் பிரிவைக் குறைந்தபட்சத் தர அளவுகோல் என்பது எப்படி?

நல்ல நிலை என்று பிரிவு சொல்வதைக் கண்டிப்பாக வாசித்தால், அடுக்கு மெலிந்த கிண்ணம் அதில் தேறாது என்று சிலர் கூறக்கூடும். சட்ட வாசிப்பாக இதில் தவறில்லை. ஆனால் தேறவில்லை என்பதை யார், எப்படிக் காட்டுவது? கடினச் சோதனை மேற்பரப்பைச் சொல்லும், அடுக்கின் ஆழத்தைச் சொல்லாது. ஆழத்தை உறுதியாகக் காணக் கிண்ணத்தை அறுக்க வேண்டும். அறுக்காமல் அளக்கும் சுழல்மின்னோட்டக் கருவிகள் உண்டு. அவற்றைப் பயன்படுத்துமாறு நெறிகள் எங்கும் கோரவில்லை. கோராததில் வியப்புமில்லை. பழையதைப் புதியதென்று விற்காமல் தடுப்பதும், முன்பு பயன்பட்டது என்பதை வாங்குபவருக்குத் தெரியச் செய்வதுமே இந்நெறிகள் அடங்கிய 20ஆம் பகுதி முழுதும் ஓடும் அக்கறை. அது ஏமாற்றைத் தடுக்கும் ஆவணம். அதில் தரம் தேடியது ஆய்வாளர்களின் பிழை, ஆணையத்தினுடையதல்ல.

கியர்பெட்டிப் பக்கத்து உள் ஜாயிண்ட் பற்றிச் சுருக்கமாக. அது பெரும்பாலும் மூன்று கைகள் கொண்ட டிரைபாட். அதன் உருளைகள் ஜாயிண்ட் உறையின் சுவரில் பதித்த பள்ளம், தண்டு ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று முறை அச்சுவழித் தள்ளலை எழுப்பி, வேகமெடுக்கும்போது காரை நடுக்கும். பழைய கார்க்காரர்கள் சொல்லும் இன்னொரு குறை, கியரில் போட்டு நிற்கையில் வரும் அதிர்வு. எஞ்சின் தன் தாங்கிகளில் சாயும்போது உள் ஜாயிண்ட் தாராளமாக உள்வாங்காவிட்டால், எஞ்சினின் நடுக்கம் ஆக்சில் வழியே உடற்கூட்டுக்கு ஏறிவிடும். அசல் தண்டில் இருந்த ரப்பர் பிடிப்புள்ள எடைவளையம் மறுஉற்பத்தியில் காணாமல் போயிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இனி உத்தரவாதம். 2009இன் பிரித்தானியத் தரநிலை பிஎஸ் 8887-2, மறுஉற்பத்தியின் வரையறைக்குள்ளேயே உத்தரவாதத்தைச் சேர்த்திருக்கிறது: அசலுக்குக் குறையாத செயல்திறனும், புதியதற்கு இணையான அல்லது மேலான உத்தரவாதமும் வேண்டும். இரண்டாவது இருந்தால் முதலாவதும் இருக்கும் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆக்சிலுக்கு வழங்கப்படும் 'வாழ்நாள் உத்தரவாதம்' பொதுவாக உறுப்பை மட்டும் மாற்றித் தரும். கழற்றி மாட்டும் கூலி உரிமையாளர் தலையில். திரும்பிவரும் ஆக்சிலோ விற்பவருக்கு முழு இழப்பல்ல, அது அடுத்த சுற்றுக்கான கோர். காரும் முதிர்ந்தது; வாங்கியவர் அதை விற்றுவிட்டால் உத்தரவாதமும் பெரும்பாலும் அவரோடு போய்விடும். இத்தகைய வாக்குறுதியை நீட்டுவதற்கு விற்பவருக்கு ஆகும் செலவு குறைவு. அது விலையிடுவது கோரிக்கைகளின் எண்ணிக்கையையே. தடத்தின் நிலையை அல்ல.

மலிவான புது ஆக்சில்கள் சந்தையை நிரப்பிவிட்டதால் இந்த விவாதமே காலாவதியாகிவிட்டது என்ற மறுப்பில் எனக்கு அக்கறை இல்லை. புதியது என்பதாலேயே தண்டின் விட்டமும் எடைவளையமும் அசலோடு ஒத்துவிடா.

சுற்றை எண்ண முடியுமா என்பதே மிஞ்சும் கேள்வி. முடியும். எந்த விட்டத்து உருண்டை போடுவது என்று அளந்து தேராமல் ஒரு ஜாயிண்ட்டையும் பூட்ட முடியாது. அந்த எண் தொழிற்சாலைக்குத் தெரிந்தே இருக்கிறது. அசல் விட்டத்தையும் போட்ட விட்டத்தையும் பெட்டியில் அச்சிட்டால் வாங்குபவர் தானே முடிவு செய்துகொள்வார். முந்தைய சுற்றைச் செய்தவர் எதையும் பொறித்து வைக்கவில்லையே என்று தயங்கவும் வேண்டாம்: வந்த கோரைப் பிரித்ததும் கீழே விழும் உருண்டையை மைக்ரோமீட்டரில் வைத்தால், அது அசலா, ஏற்கெனவே பெருத்ததா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.