பறிமுதல் பொருள் ஏலம்

காவல் துறை கைப்பற்றியவற்றுள், அரசுடைமையான பொருள்களையும் எவரும் உரிமை கோராத பொருள்களையும் பொது ஏலத்தில் விற்கும் முறை. நைட்டி தையலுக்குப் பேர்போன தளவாய்புரத்தில் கேட்பாரற்று நிற்கும் ஒரு பைக்கைக் காவல் நிலையம் கைப்பற்றினால், தகவல் ராஜபாளையம் நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். அவர் உத்தரவில்லாமல் அதை விற்க முடியாது.

இந்த ஏலத்தின் பழைய வடிவம் கொண்டித் தொழுவம். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைப்பதை 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் முறைப்படுத்தியது. ஏழு நாளில் உரியவர் வராவிட்டால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். மாட்டின் அடையாளம், பிடிபட்ட இடம், அடைத்த இடம் மூன்றையும் எழுதி ஒட்டி, பிடிபட்ட இடத்துக்கு அருகிலுள்ள கிராமத்திலும் சந்தையிலும் தண்டோரா போட வேண்டும். இன்னும் ஏழு நாள் கழித்தே ஏலம். காவலரோ தொழுவக்காரரோ நேராகவோ மறைமுகமாகவோ மாட்டை வாங்கக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருந்தது. விற்கும் அதிகாரம் உள்ளவன் வாங்கக் கூடாது என்ற இந்த விதி இன்றைய ஏலங்களுக்கும் அவ்வளவு அவசியம்.

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 457, 458 பிரிவுகள் உரியவர் தெரியாத பொருளுக்கு ஆறு மாதக் கெடு வைத்தன. நடைமுறையிலோ வண்டிகள் ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்தன. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் (2002) உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்தது. படம் எடுத்து, மகஜர் எழுதி, பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு வண்டியை உரியவரிடம் கொடுங்கள், எப்படியானாலும் பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் நிலையத்தில் வைக்காதீர்கள் என்றது. மதுவிலக்கு வழக்கு வண்டிகள் வேறு கணக்கு. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிய அதிகாரியே அவற்றைப் பறிமுதல் செய்யலாம்.

இணைய ஏலம் பிற்காலத்தது. 1964இல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. பல அரசுத் துறைகளின் கழிவுப் பொருள்களையும் பழைய வண்டிகளையும் இவ்வழியில் விற்கிறது. முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர் வண்டியை நேரில் பார்த்து, இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் சரிபார்த்துக்கொள்ளலாம். வண்டி உள்ளது உள்ளபடியே விற்கப்படும். கடைசி நிமிடத்தில் ஒருவர் விலை ஏற்றினால் முடியும் நேரம் நீளும். மைதானத்தில் நாலைந்து பழைய இரும்பு வியாபாரிகள் கூடிப் பேசி விலையை அமுக்குவது இதில் கடினம். அரசு ஏலத்தில் எடுத்த வண்டியைத் தன் பெயருக்கு மாற்ற, 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 57ஆம் விதிப்படி, வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் படிவம் 32இல் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

இணையம் வாங்குவோரைப் பெருக்கியது. வண்டியைப் பறிகொடுத்தவருக்குச் செய்தி சேர்ப்பதில் அது தண்டோராவுக்கு ஈடாகவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா இந்தக் குறையைக் கூர்மையாக்குகிறது. உரியவர் தெரியாத பொருளின் மதிப்பு 500 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் ஆறு மாதம் காத்திருக்காமலே விற்கச் சொல்ல நடுவருக்கு முன்பு அதிகாரம் இருந்தது. 505ஆம் பிரிவு அந்த வரம்பை 10,000 ரூபாயாக்கியது. பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று இதற்குள் எளிதில் அடங்கும். பிறகு வரும் உரிமையாளர் கோரக்கூடியது விற்ற பணத்தை மட்டுமே, வண்டியை அல்ல.