பவளத்தொட்டியில் களையும் பயிரும்

'களை' என்பது எந்தத் தாவரத்துக்கும் இயற்பெயர் அன்று. களைதல் என்னும் வினையின் அடியே பெயராகவும் நிற்கிறது. உழவர் பிடுங்கி எறிவதனாலேயே ஒரு செடி களை ஆகிறது. வயலுக்கு வெளியே அது வெறும் செடிதான். வீட்டில் வைக்கப்படும் சிறு பவளத்தொட்டியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. அங்கே எது களை, எது பயிர் என்பதை அந்தந்தக் காலத்து வளர்ப்புமுறையே முடிவுசெய்து வந்துள்ளது.

1846ஆம் ஆண்டு அன்னா தைன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள பவளங்களை லண்டனுக்குக் கொண்டுவந்து கண்ணாடிக் கலங்களில் வளர்த்தார். நீரில் காற்றுக் கலப்பதற்காகப் பணிப்பெண் அதை மாற்றி மாற்றி ஊற்ற வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் அதே நகரில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலாளர், நீர்த்தாவரங்களோடு பொன்மீன்களை வளர்த்துச் சோதித்தார். இலைகள் அழுகி நீர் கெட்டபோது அவர் குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன. அவற்றின் முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. இன்று நன்னீர்த் தொட்டி வைத்திருப்போர் அத்தகைய நத்தைகளையே தொல்லை என்று பொறுக்கி எறிகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடல்நீர்த் தொட்டி பெரும்பாலும் மீன்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. வெளுத்த பவள எலும்புகள் அலங்காரமாக வைக்கப்பட்டன. மீன்களுக்கு வெண்புள்ளி நோய் கண்டால் நீரில் செம்பு உப்பைக் கலந்தனர். செம்பு நோய்க்கிருமியைக் கொல்லும். நத்தை, இறால், பவளம் ஆகியவற்றையும் கொல்லும். ஆனால் காப்பாற்ற வேண்டிய பவளம் தொட்டியில் இல்லாததால் அது குறையாகத் தோன்றவில்லை.

1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் வேறொரு வழியை எழுதி வெளியிட்டார். இயற்கைக் கடல்நீர், மெல்லிய காற்றுக்குமிழ்கள், கடலிலிருந்து உயிரினங்களோடு எடுத்த பாறை ஆகியவையே அவ்வழி. அப்பாறையில் வாழும் நுண்ணுயிர்களே கழிவைச் சிதைத்து நீரைத் தூய்மையாக்கின. 1980களில் ஜெர்மானிய வளர்ப்பாளர்கள் இந்த உயிர்ப்பாறையோடு வலுவான விளக்கையும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்தனர். 'பெர்லின் முறை' எனப்படும் அம்முறையால் கடினப் பவளங்கள் வீட்டுத் தொட்டியிலும் வளர்ந்தன.

நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வந்த அதே பாறையின் துளைகளில் அழையா விருந்தினரும் வந்தனர்: இரவில் வேட்டையாடும் மாண்டிஸ் இறால், முட்கள் நிறைந்த புழுக்கள், யாவற்றினும் பிடிவாதமான ஐப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தி. செம்பைக் கலக்க இனி வழியில்லை. களை சாகும் முன்பே பயிர் செத்துவிடும்.

ஐப்டேசியாவைக் கிள்ளி எறிவதும் பயன் தராது. அதன் அடிப்பகுதியிலிருந்து பிரியும் சிறு துணுக்கும் முழு உயிராக வளரும். கெட்டியான சுண்ணாம்புக் கரைசலை ஊசியால் அதன் வாயில் செலுத்தும் வழக்கம் பரவியது. எட்டிய இடத்தில் அது பலித்தது. பாறையிடுக்கில் ஒளிந்தவை மீண்டும் தலைகாட்டின. பாறையையே கொதிக்கவைத்தவர்களும் உண்டு. அது உயிருக்கே ஆபத்தான வழி. பாறையில் ஒட்டியிருக்கும் சில சோவாந்திட் இனங்களில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. ஆவியோடும் நீர்த்திவலையோடும் அது நுரையீரலை அடையும். 2012 முதல் 2014 வரை அலாஸ்காவில் இத்தகைய நச்சுப் பாதிப்புகள் பதிவாகியுள்ளன.

நஞ்சு தோற்ற இடத்தில் பகை உயிர் கைகொடுத்தது. பட்டாம்பூச்சி மீனும் ஐப்டேசியாவைத் தின்னும்; ஆனால் சிறு தொட்டி அதற்குப் போதாது. பெர்கியா என்னும் ஓடில்லாக் கடல்நத்தைக்கு அந்தக் குறை இல்லை. அதற்கு ஐப்டேசியா ஒன்றே உணவு. கடைசி ஐப்டேசியா தீர்ந்ததும் அதுவும் பட்டினியால் மடியும். எனவே வேலை முடிந்ததும் அதை வேறு தொட்டிக்கு மாற்றுவர்.

ஆய்வகத்தில் இக்கதை தலைகீழாகிறது. பவளத்தின் திசுவில் வாழும் அதே குடும்பத்து நுண்பாசிகள் ஐப்டேசியாவிலும் வாழ்கின்றன. அவற்றை இழந்தாலும் அது உணவூட்டினால் பிழைத்திருக்கும். துணுக்கிலிருந்து விரைந்து பெருகும். கடல் வெப்பமடையும்போது பவளங்கள் வெளுப்பது ஏன் என்று ஆராய்வோருக்கு இவ்வளவு வசதியான உயிர் அரிது. 2015இல் அதன் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. தொட்டியில் அதைக் களையாக்கிய பண்புகளே ஆய்வகத்தில் அதைப் பயிராக்கின.

எதிர்த்திசைப் பயணமும் நிகழ்ந்தது. காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் அழகிய பச்சைப் பாசி தொட்டிகளில் விரும்பி வளர்க்கப்பட்டது. 1984இல் மொனாக்கோவின் கடல்சார் அருங்காட்சியகத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் அது காணப்பட்டது; பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர்களுக்குப் பரவியது. 2000இல் கலிஃபோர்னியாவின் காயல் ஒன்றிலும் அது தென்பட்டது. உடனே தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தினர். அங்கு அது ஒழிந்ததாக 2006இல் அறிவிக்க முடிந்தது; அதற்கான செலவு சுமார் 70 லட்சம் டாலர். தொட்டியில் பயிராக இருந்தது கடலில் களையாயிற்று.

இந்தியாவில் பாறையாக்கும் பவளங்கள் 2001இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம். பிற நாடுகளிலும் உலர்ந்த அல்லது செயற்கைப் பாறையோடு தொடங்குவோர் பெருகிவிட்டனர். அப்பாறையில் ஐப்டேசியா வராது. நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களும் வரா. அவை குடியேறும் வரை பல மாதங்கள் பழுப்புப் பாசியோடு போராட நேர்கிறது.

ஆகவே பட்டறிந்த வளர்ப்பாளர் இரண்டு வாயில்களைக் காக்கின்றனர். புதிதாக வருவதைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுகின்றனர். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரையோ பாசியையோ கல்லையோ கடலிலும் கழிமுகத்திலும் கொட்டுவதில்லை. முதலாவது தொட்டியைக் காக்கிறது. மொனாக்கோவுக்குப் பிறகு இரண்டாவதே பெரிய கடமை.