பைக்குள் வந்த ஆஸ்பத்திரி

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் போன மாதம் ஒரு காலை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் ஒருவர் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு பிரஷர் பார்க்க வந்திருந்தார். தோளில் ஒரு பை. அதற்குள் பிரஷர் மெஷின், சுகர் பார்க்கும் குளுக்கோமீட்டர், பஞ்சு, ஒரு நோட்டு, மாத்திரை அட்டைகள். பட்டையைக் கையில் சுற்றி பட்டனை அழுத்தினார். எண் கொஞ்சம் அதிகமாக வந்தது. "மாடிப்படி இறங்கி வந்தீங்கல்ல பாட்டி, அஞ்சு நிமிஷம் சும்மா உட்காருங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு அவரும் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார்.

அந்தப் பையின் பூர்வீகத்தைத் தேடிப் போனதன் குறிப்புகள்தான் இவை.

தொடக்கம் 1905, நெதர்லாந்தின் லைடன் நகரம். இதயத்தின் மின்துடிப்பைத் துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியை வில்லெம் ஐந்தோவன் உருவாக்கியிருந்தார். இன்றைய இசிஜியின் தாத்தா. எடை சுமார் 270 கிலோ, இயக்க ஐந்து பேர் வேண்டும், காந்தம் சூடாகாமல் இருக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. படுத்த படுக்கையாக இருக்கும் இதய நோயாளியை ஆய்வகத்துக்குக் கொண்டுவரவும் முடியாது. அதனால் ஆஸ்பத்திரிக்கும் ஆய்வகத்துக்கும் இடையே இருந்த ஒன்றரை கிலோமீட்டருக்குத் தொலைபேசிக் கம்பியைப் பயன்படுத்தினார். நோயாளி உப்புத் தண்ணீர் நிரம்பிய ஜாடிகளில் கைகால்களை வைத்திருப்பார், கோடு விழுவது ஆய்வகத்தில். அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் இதற்கு 'டெலிகார்டியோகிராம்' என்று பெயரும் வைத்தார். தொலைமருத்துவம் பிறந்ததே கருவியைத் தூக்க முடியாததால்தான் என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

நம்ம ஊருக்கு வருவோம். தாம்பரத்துக்கும் மருத்துவத்துக்கும் உள்ள பழைய உறவு இதற்கு நேர் எதிரானது. இங்கே நோயாளிதான் பயணம் செய்தார். டாக்டர் சவுரிமுத்து 1928-இல் பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு காசநோய் சானடோரியம் தொடங்கினார். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு, இதுதான் அன்றைய வைத்தியம். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வீட்டை, வேலையை, பிள்ளைகளை விட்டுவிட்டு மாதக்கணக்கில் வந்து படுத்துக் கிடந்தவர்களை நினைத்தால்தான் அந்தப் பெயரின் கனம் தெரியும்.

அந்த வழக்கத்தை உடைத்த ஆய்வும் சென்னையிலேயே நடந்தது. 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் அமைந்தது. வீட்டிலேயே மாத்திரை சாப்பிடும் ஏழை நோயாளிகளையும் சானடோரியத்தில் படுத்திருப்பவர்களையும் ஒப்பிட்டார்கள். நெருக்கடியான வீடு, அரைகுறைச் சாப்பாடு, ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக இது ஒரு காரணம். நான் கவனித்த விஷயம் வேறு. நோயாளி கண்பார்வையில் இல்லாதபோது மாத்திரை சாப்பிட்டாரா என்று எப்படித் தெரியும்? சுகாதாரப் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீர் மாதிரி வாங்கிவந்து மருந்து கலந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். கம்பியும் இல்லை, அலையும் இல்லை. ஒரு சின்ன பாட்டில்தான் கருவி. ஆனால் தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பதன் அடிப்படைக் கேள்வி அப்போதே வந்துவிட்டது.

கம்ப்யூட்டர் காலத்துக்கு வேகமாகத் தாவுகிறேன். 2000 மார்ச்சில் சித்தூர் மாவட்டம் அரகொண்டாவில் அப்போலோவின் தொலைமருத்துவ மையத்தை, இந்தியா வந்திருந்த கிளிண்டன் தொடங்கிவைத்தார். பத்திரிகைகளில் அதுதான் பெரிய செய்தி. என் ஆர்வமெல்லாம் அதே சமயத்தில் கிண்டியில் நடந்த சத்தமில்லாத வேலையில்தான்.

ஐஐடி மெட்ராஸில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, கோர்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியிருந்தது. கிராமத்துக்குப் பேச்சும் இணையமும் ஒன்றாகப் போகும், வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்று வாட்ஸ்அப்பில் ஒரு குட்மார்னிங் படம்கூட அதில் திணறும். என்-லாக் நிறுவனம் அதை வைத்து கிராமங்களில் இணைய மையங்களைத் தொடங்கியது. மதுரை அருகே மேலூரில் அப்படிப்பட்ட மையங்களிலிருந்து வெப்கேமராவில் கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு ஈமெயில் அனுப்பினார்கள். கண்புரை இருந்தால் படத்தில் தெரியும். விழித்திரையில் கோளாறு என்றால் வெப்கேமரா என்ன செய்யும்? உடம்பு சூடு, பிரஷர், இதயச் சத்தம் இதற்கெல்லாம் கேமராவால் பதில் சொல்லவே முடியாது.

அந்த இடைவெளியில் வந்ததுதான் ரெமிடி. 2002-இல் பெங்களூரில் தொடங்கிய நியூரோசினாப்டிக் நிறுவனம் ஐஐடி குழுவின் துணையோடு செய்த சின்னப் பெட்டி. கணினியோடு இணைத்தால் உடல்வெப்பம், பிரஷர், இசிஜி, ஸ்டெதாஸ்கோப் சத்தம் எல்லாம் தொலைவில் இருக்கும் டாக்டரின் திரைக்கும் காதுக்கும் போகும். ஐந்தோவனின் 270 கிலோ ஒருவர் கையில் தூக்கும் அளவுக்கு வந்துவிட்டது. என்-லாக் மையங்கள் பல, வருமானம் கட்டுப்படியாகாமல் பின்னால் மூடப்பட்டன. பெட்டி பிழைத்தது, வட இந்தியக் கிராமங்களின் தொலைமருத்துவத் திட்டங்களுக்குப் போனது. பெட்டி நன்றாக இருந்தும் கடை நிற்காமல் போனது ஏன் என்று யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

இதில் முழுசாகப் படிக்க வேண்டிய உதாரணம் நமக்குத் தெற்கே, மதுராந்தகம் தாண்டி இருக்கும் சூனாம்பேடு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2006-இல் அங்கே 42 கிராமங்களில் வேலை தொடங்கியது. ஒரு வேன், அதன் மேல் இஸ்ரோ தந்த செயற்கைக்கோள் இணைப்பு. வேனுக்குள் இருந்த கருவிகள் சுவாரசியமானவை. விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா, காலில் ரத்தம் ஓடுகிறதா என்று கேட்கும் டாப்ளர், கால் கட்டைவிரலில் வைத்தால் அதிரும் பயோதீசியோமீட்டர். அதிர்வு எந்த அளவில் உறைக்கிறது என்பதை வைத்து நரம்பு கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிப்பார்கள். சுகர் வலிக்காமல் கெடுக்கும் இடங்கள் கண்ணும் காலும்தானே. "எனக்கு ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்பவரிடம் பேச்சு கொடுத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அங்கே பெரியவர்கள் 27,014 பேர். அவர்களில் 23,449 பேரைப் பரிசோதித்திருக்கிறார்கள், 86 சதவீதத்துக்கும் மேல். சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படிப் பார்க்க முடியுமா என்பது சந்தேகம். 5.1 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது. ஓராண்டு சிகிச்சையில் அவர்களின் சராசரி எச்பிஏ1சி 9.3-லிருந்து 8.5-ஆக இறங்கியது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருந்தது நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான பேரைத்தான். செயற்கைக்கோளைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என் கணக்கில் பாதிப் புகழ், வீடு வீடாகப் போய் ஆட்களை அழைத்துவந்த உள்ளூர்ப் பணியாளர்களுக்கும், பின்தொடர் சிகிச்சைக்காக அங்கேயே அமைந்த சின்ன கிளினிக்குக்கும் சேர வேண்டும்.

பிறகு 2020 மார்ச் 25. ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்க்கத் தெளிவான விதிகள் கிடைத்தன. ஏப்ரலில் இ-சஞ்சீவனியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதி வந்தது. நல்லதுதான். ஆனால் நோயாளி பக்கத்தில் பெட்டியும் இல்லை, வேனும் இல்லை, வெறும் போன் மட்டும். "பிரஷர் எவ்வளவு?" என்று டாக்டர் கேட்டால் மெஷின் உள்ள வீட்டுக்காரர் சொல்வார், மற்றவர்கள் "தலை சுத்துது டாக்டர்" என்பார்கள். நூறு வருடம் கருவியைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி, கடைசியில் அது இல்லாமலேயே ஆலோசனை என்று வந்து நின்றோம்.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. இதில் கருவி வந்துவிட்டது, ஆனால் அளக்கிற நேரத்தில் டாக்டர் திரையில் உட்கார்ந்திருப்பதில்லை. அளந்ததை எழுதிக்கொண்டு போகிறார்கள், மாத்திரை வீட்டுக்கு வருகிறது. அந்தப் பையில் சூனாம்பேடு வேனின் கேமராவும் கிடையாது, ரெமிடியின் ஸ்டெதாஸ்கோப்பும் கிடையாது. பாட்டியின் கண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க இன்னும் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

அன்று அஞ்சு நிமிஷம் கழித்து இன்னொரு முறை பட்டையைச் சுற்றினார். முதலில் 172, இப்போது 146. "ரெண்டையும் எழுதிக்கோம்மா, அப்பதான் டாக்டருக்குப் புரியும்" என்றார் பாட்டி. இரண்டையும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.