தூண்டில் வக்கீல்

தூண்டில் என்றால் நமக்கு மண்புழுதான். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பக்கம் டெஸ்ட், இட்சன் என்று இரண்டு ஆறுகள். சுண்ணாம்புப் பாறை ஊற்றுத் தண்ணீர், அடிமண் தெரியும். மே கடைசியில் மேஃப்ளை பூச்சிகள் நீரிலிருந்து கிளம்ப, டிரவுட் மீன்கள் மேலே வந்து கொத்தும். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சியைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு அவற்றைப் பிடிப்பதுதான் டிரை ஃப்ளை.

இதற்கு இலக்கணம் எழுதியவர் ஃபிரெடரிக் ஹால்ஃபோர்ட். 1886-ல் பூச்சி கட்டுவது பற்றி ஒரு புத்தகம், 1889-ல் பிடிக்கும் முறை பற்றி இன்னொன்று. மீன் கொத்துவதைக் கண்ணால் பார்த்த பிறகே வீசணும், அதுவும் நீரோட்டத்துக்கு எதிராக. ஹால்ஃபோர்டே கறார், சீடர்கள் அதைவிட. (சர்க்குலர் எழுதியவரை விட அமல்படுத்துபவர்தானே கடுமை!)

ஸ்கியூஸ் என்ற லண்டன் வக்கீல் 1883 முதல் இட்சனில் தூண்டில் போட்டவர். பிடித்த மீனின் வயிற்றைச் சோதித்தார். உள்ளே இருந்தவற்றில் பெரும்பாலானவை பறக்கும் பூச்சியே இல்லை, நீருக்கடியில் வாழும் அதன் இளம்பருவமான நிம்ஃப். அதையே போலியாகக் கட்டி மூழ்கவிட்டார், 1910-ல் எழுதியும் விட்டார்.

வந்தது வினை. 1938-ல் லண்டன் தூண்டில்காரர்கள் கிளப்பில் இதற்கென்றே விவாதம். அப்போது ஸ்கியூஸுக்கு 79 வயது. கூட மீன் பிடித்தவர்களே ஆட்சேபிக்க, அதே வருடம் ஐம்பத்தைந்து வருடம் பழகிய இட்சனை விட்டுப் போனார். 1939-ல் நிம்ஃப் பற்றியே இன்னொரு புத்தகம் போட்டார், மனுஷன் அசரவில்லை.

இன்றும் அந்த ஆறுகளின் பல பகுதிகளில் ஜூன் முடியும்வரை டிரை ஃப்ளை மட்டும்தான். நிம்ஃபுக்கு ஜூலையில்தான் அனுமதி.