கெர்டா வைஸ்மன் கிளைன்

கெர்டா வைஸ்மன் கிளைன் (மே 8, 1924 – ஏப்ரல் 3, 2022) போலந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த யூத எழுத்தாளர், மனித உரிமைப் பேச்சாளர். நாட்சிகளின் கட்டாய உழைப்பு முகாம்களிலும், போரின் இறுதி மாதங்களில் நிகழ்ந்த மரண நடையிலும் உயிர் தப்பியவர். ‘ஆல் பட் மை லைஃப்’ (1957) என்ற தன்வரலாற்று நூலால் அறியப்படுகிறார். 2011-இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதான அதிபர் விடுதலைப் பதக்கம் பெற்றார்.

இளமை

தென்போலந்தின் நெசவுத்தொழில் நகரமான பியெல்ஸ்கோவில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தந்தை யூலியஸ், தாய் ஹெலனா, அண்ணன் ஆர்தர். 1918 வரை ஆஸ்திரிய ஆட்சியின்கீழ் இருந்த அந்நகரில் ஜெர்மன் மொழி பரவலாக வழங்கியது. கெர்டாவின் வீட்டிலும் அதுவே பேச்சுமொழி.

1939 செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மானியப் படை நகருக்குள் நுழைந்தது. அப்போது கெர்டாவுக்கு 15 வயது. அடுத்த மாதமே யூத இளைஞர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லி அழைத்துச் சென்றனர். அவர்களுடன் போன ஆர்தர் வீடு திரும்பவே இல்லை. எஞ்சிய மூவரும் சொந்த வீட்டின் நிலவறைக்குத் தள்ளப்பட்டனர். 1942-இல் அங்கிருந்தும் அகற்றப்பட்டு, யூதர்களுக்கென ஒதுக்கிய பகுதிக்கு அனுப்பப்பட்டனர்.

அவ்வாண்டு ஜூனில் குடும்பம் பிரிக்கப்பட்டது. முதலில் தந்தையைக் கொண்டுபோனார்கள். கோடை வெயிலிலும் பனிச்சறுக்குக் காலணிகளையே அணிந்துகொள்ளும்படி அவர் மகளிடம் வற்புறுத்தியிருந்தார். தாயைப் பிரித்து நிறுத்தியபோது, உழைக்கும் வலுவுள்ளவர்களை ஏற்றிய வண்டியிலிருந்து குதித்துத் தாயிடம் ஓட முயன்றார் கெர்டா. அவரைப் பிடித்து மீண்டும் வண்டியில் ஏற்றியவர், அவ்வட்டார யூத நிர்வாகக் குழுவின் தலைவரான மோஷே மெரின். பெற்றோர் இருவரும் பின்னர் அவுஷ்விட்ஸ் மரண முகாமில் கொல்லப்பட்டனர்.

முகாம்கள்

கெர்டா போல்கன்ஹைன், மெர்ட்ஸ்டோர்ஃப், லாண்டஸ்ஹுட், குரூன்பெர்க் ஆகிய இடங்களில் இருந்த முகாம்களில் அடுத்தடுத்து அடைக்கப்பட்டார். போல்கன்ஹைனில் நெசவாலை வேலை. அங்கு அவர் நோயுற்றுக் கிடந்த நாளில் எஸ்.எஸ். அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். வேலை செய்ய இயலாதவர் என்று முடிவானால் அவுஷ்விட்ஸ்தான். முகாமின் ஜெர்மானியக் கண்காணிப்பாளரான பெண்மணி கெர்டாவைப் படுக்கையிலிருந்து இழுத்துவந்து தறியின்முன் நிறுத்திக் காப்பாற்றினார். மெர்ட்ஸ்டோர்ஃபில் பகலில் ஆளிநார்க் கட்டுகளைக் கையாள்வதும் இரவில் ரயில் பெட்டிகளில் சுமை இறக்குவதுமாக இருந்தது வேலை. அங்கே தற்கொலையின் விளிம்புவரை சென்ற தம்மைத் தடுத்தது, உயிரை ஒருபோதும் மாய்த்துக்கொள்ள மாட்டேன் என்று தந்தைக்குக் கொடுத்திருந்த வாக்குறுதிதான் என்று பின்னாளில் எழுதினார்.

மரண நடை

சோவியத் படை நெருங்கியதால், 1945 ஜனவரி இறுதியில் குரூன்பெர்க் முகாமின் பெண்கள் கால்நடையாக வெளியேற்றப்பட்டனர். கெர்டாவின் கூட்டத்தில் சுமார் 2,000 பேர். ஏறத்தாழ 560 கிலோமீட்டர் நீண்ட அந்த நடையில் பசி, கடுங்குளிர், நோய், துப்பாக்கிச்சூடு ஆகியவற்றுக்குப் பலர் பலியாயினர். உயிரோடு எஞ்சியவர்கள் 150-க்கும் குறைவு. தோழிகளில் பலருக்குக் காலில் முறையான செருப்புகூட இல்லை. தந்தை அணிவித்த காலணிகள் கெர்டாவைக் காத்தன. குடும்பப் புகைப்படங்களையும் அவற்றுக்குள்தான் மறைத்து வைத்திருந்தார். நெருங்கிய தோழி இல்சே விடுதலைக்குச் சில நாட்களே இருக்கையில் இறந்தார்.

நடை செக்கோஸ்லோவாக்கியாவின் வோலரியில் முடிந்தது. எஞ்சிய பெண்களைக் கைவிடப்பட்ட ஆலை ஒன்றில் பூட்டி, வெடிகுண்டு வைத்துவிட்டுக் காவலர்கள் தப்பியோடினர். குண்டு வெடிக்கவில்லை. 1945 மே 7 அன்று அமெரிக்கப் படையினர் வந்துசேர்ந்தனர். மறுநாள் 21-ஆவது பிறந்தநாள் காணவிருந்த கெர்டாவின் எடை அப்போது சுமார் 31 கிலோ, முடி நரைத்திருந்தது. அந்நடையில் இறந்த 95 பெண்களின் கல்லறைகள் வோலரியில் உள்ளன.

திருமணமும் குடியேற்றமும்

படையினருடன் வந்த அதிகாரி கூர்ட் கிளைன், ஜெர்மனியில் பிறந்த யூதர். 1937-இல் அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். பெற்றோரையும் வரவழைக்க அவர் எடுத்த முயற்சிகள் விசா நடைமுறைகளில் சிக்கித் தாமதமாயின. இருவரும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். நோயுற்ற பெண்கள் கிடந்த இடத்துக்குச் செல்கையில் கெர்டா முன்னே போக அவர் கதவைத் திறந்துபிடித்தார். தாம் மீண்டும் மனிதராக மதிக்கப்பட்ட முதல் கணம் அது என்று கெர்டா கூறியுள்ளார். 1946-இல் பாரிஸில் மணந்துகொண்ட இருவரும் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் குடியேறினர். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். 1985-இல் அரிசோனா மாநிலத்துக்கு இடம்பெயர்ந்தனர். கூர்ட் 2002-இல் காலமானார்.

எழுத்தும் பொதுப்பணியும்

கெர்டா தம் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் எழுதினார். போருக்குப்பின் அவரும் கூர்ட்டும் எழுதிக்கொண்ட கடிதங்கள் ‘த அவர்ஸ் ஆஃப்டர்’ (2000) என்ற நூலாயின. கெர்டாவின் வாழ்வை வைத்து கேரி அன்டோலிஸ் இயக்கிய ‘ஒன் சர்வைவர் ரிமெம்பர்ஸ்’ (1995), சிறந்த குறும் ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. 2012-இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்ந்தது. விருது மேடையில் இயக்குநருக்குப்பின் பேசிய கெர்டா, வீட்டில் கழியும் சலிப்பூட்டும் சாதாரண மாலைப்பொழுதின் அருமையை அறிய வாழாமல் போனவர்களை நினைவுகூர்ந்தார். முகாமில் அவர் கண்ட கனவே அத்தகைய மாலைதான். பிற்கால நூல் ஒன்றுக்கு ‘எ போரிங் ஈவ்னிங் அட் ஹோம்’ (2004) என்றே பெயரிட்டார்.

கணவருடன் சேர்ந்து தொடங்கிய அறக்கட்டளை வழியாக மாணவரிடையே சகிப்புத்தன்மையையும் பசி ஒழிப்பையும் வலியுறுத்தினார். 2008-இல் ‘சிட்டிசன்ஷிப் கவுன்ட்ஸ்’ அமைப்பை நிறுவினார். மாணவர்களுக்குக் குடியுரிமையின் பொருளைக் கற்பிப்பதும், புதிய குடிமக்கள் உறுதிமொழி ஏற்கும் விழாக்களைப் பள்ளிகளிலேயே நடத்துவதும் இதன் பணி. கெர்டா அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் தமது 97-ஆவது வயதில் காலமானார்.