நான்கு சென்டிமீட்டரை அளப்பது யார்? கருப்பை வாய்ப் புற்றுக் கட்டியும் எம்.ஆர்.ஐ.யும்

கருப்பை வாய்ப் புற்றுநோய் எந்த நிலையில் இருக்கிறது என்று முடிவுசெய்யும் உலகப் பொதுவிதி, 2018 வரை மருத்துவரின் விரலையே பெரிதும் நம்பியிருந்தது. எம்.ஆர்.ஐ. கருவிகள் பெரிய மருத்துவமனைகளில் புழங்கத் தொடங்கி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. அந்தப் படத்தில் கட்டி எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் நிலை எண்ணை அது மாற்றக் கூடாது என்பதே விதி. இதை மருத்துவ உலகின் பழமைப் பிடிப்பு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்த விதி எதற்காகப் பிறந்தது என்று பார்த்தால் தாமதத்துக்கு வேறு காரணம் புலப்படும். அது நோயாளியை அளக்கப் பிறந்ததல்ல. மருத்துவமனைகளை ஒப்பிடப் பிறந்தது.

1920களில் ஸ்டாக்ஹோம், பாரிஸ், மியூனிக் நகரங்கள் ரேடிய சிகிச்சையில் முன்னணியில் இருந்தன. யாருடைய முறை சிறந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஓரிடத்தில் ஆரம்பநிலை நோயாளிகள் மிகுதி, வேறிடத்தில் முற்றியவர்கள் மிகுதி. உலக நாடுகள் சங்கத்தின் சுகாதார அமைப்பு அமைத்த குழு, 1929இல் நோயை நான்கு நிலைகளாகப் பிரித்துக் கொடுத்தது. பின்னாளில் அந்தப் பொறுப்பு, சுருக்கமாக ஃபிகோ எனப்படும் மகப்பேறு, மகளிர் மருத்துவச் சர்வதேசக் கூட்டமைப்பிடம் வந்தது. ஒருமுறை குறித்த நிலையைப் பிறகு மாற்றக் கூடாது, ஐயம் வந்தால் குறைந்த நிலையையே எழுத வேண்டும் போன்ற கட்டுப்பாடுகள் ஒப்பீட்டைக் காப்பாற்றுவதற்கானவை. ஏழை நாட்டின் மருத்துவமனையும் பின்பற்றக் கூடியதாக விதி இருக்க வேண்டும் என்பதும் அதே நோக்கத்தின் நீட்சி. இந்த நோயால் இறப்போரில் பெரும்பாலோர் அத்தகைய நாடுகளில்தான் வாழ்கிறார்கள்.

தொடக்க வகைப்பாட்டில் அளவு என்ற கேள்வியே இல்லை. புற்று எதுவரை பரவியிருக்கிறது என்பது மட்டுமே கேள்வி. சிகிச்சைக் கணக்கிலும் இதே நிலைதான். மான்செஸ்டரில் டாட், மெரெடித் இருவரும் 1938இல் வகுத்த முறை, 'ஏ புள்ளி' என்ற ஓரிடத்தைக் குறித்து அங்கு விழும் கதிர்வீச்சைக் கணக்கிட்டது. அந்தப் புள்ளி, உள்ளே வைக்கும் ரேடியச் சாதனத்தை ஒட்டி மேலே 2 செ.மீ., பக்கவாட்டில் 2 செ.மீ. தள்ளி இருக்கும். கட்டி சுண்டைக்காய் அளவானாலும் எலுமிச்சை அளவானாலும் புள்ளி நகராது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்தை வேறு எப்படிக் கணக்கிடுவது? அக்காலத்துக்கு அது புத்திசாலித்தனமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன்.

அளவை மையத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து எரிக் புர்க்ஹார்ட் முக்கியமானவர். அறுவையில் எடுத்த கருப்பையை, சுற்றியுள்ள இணைப்புத் திசுவோடு சேர்த்து முழுமையாகப் பெரிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் ஆராய்ந்தது அவரது குழு. கட்டியின் கன அளவு கூடக்கூட நிணநீர் முடிச்சுகளில் பரவலும் கூடியது. இந்த முடிவுகள் 1978இல் வெளிவந்தன. ஆனால் கருப்பையை வெளியே எடுத்த பிறகு தெரியும் அளவு, கதிர்வீச்சுக்குப் போகும் பெண்ணுக்கு உதவாதே. 1994இல் ஃபிகோ 4 செ.மீ. என்ற கோட்டைப் போட்டு, புற்று கருப்பை வாயைத் தாண்டாத 1பி நிலையை இரண்டாகப் பிரித்தபோது இந்தச் சிக்கல் வெளிப்படையாயிற்று. கருப்பை வாயின் வெளிப்புறம் முளைத்த கட்டி கைக்கு எட்டும். உட்கால்வாய்க்குள் மேல்நோக்கி வளர்ந்ததை விரல் எப்படி அளக்கும்?

அதற்கான விடை ஏற்கெனவே உருவாகிவந்தது. சி.டி. படத்தில் கட்டிக்கும் நலமான கருப்பை வாய்த் திசுவுக்கும் வேறுபாடு மங்கல். எம்.ஆர்.ஐ.யில் டி2 எனப்படும் படவகையில், நார் மிகுந்த நலமான திசுவளையம் கறுப்பாகவும், கட்டி அதைவிட வெளிறியும், வெளியே உள்ள கொழுப்பு இன்னும் பளிச்சென்றும் தெரியும். கறுப்பு வளையம் முழுதாக இருந்தால் புற்று வெளியே கசியவில்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். 1988இல் சான் பிரான்சிஸ்கோவில் ஹெட்விக் ஹிரிசாக்கும் உடன் ஆய்வாளர்களும் எம்.ஆர்.ஐ. படங்களை அறுவை முடிவுகளோடு ஒப்பிட்டு வெளியிட்டனர். மறு ஆண்டே கிராஸ் குழு, புறவயமான வகைப்பாட்டுக்கு எம்.ஆர்.ஐ. அடித்தளமாகலாம் என்று எழுதியது. உறுப்பை வெட்டிப் பார்த்து அளந்தவர்களே வெட்டாமல் அளக்கும் வழியை வரவேற்றது கவனிக்கத்தக்கது.

2000 முதல் 2002 வரை 25 மையங்களில் நடந்த அமெரிக்கப் பொது ஆய்வு, அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தது. அறுவைக்குச் சென்ற 172 பெண்களின் தரவுகளில், புற்று 2பி நிலைக்கோ (கருப்பை வாயை ஒட்டிய இணைப்புத் திசுவுக்குள் பரவிய நிலை) அதற்கு மேலோ சென்றிருப்பதைக் கண்டுபிடிப்பதில் மருத்துவப் பரிசோதனையின் உணர்திறன் 29 சதவீதம், சி.டி.க்கு 42, எம்.ஆர்.ஐ.க்கு 53. முதலிடம்தான், ஆனாலும் பாதியைச் சற்றே தாண்டிய முதலிடம். கட்டியின் அளவில் அதன் மேன்மை இன்னும் தெளிவாகத் தெரிந்தது: நோய்க்கூற்றியல் அளவோடு நெருங்கிப் பொருந்தியது எம்.ஆர்.ஐ.யே, கடைசியில் நின்றது விரல்.

வகைப்பாட்டுக் குழு தயங்கிக்கொண்டிருக்க, கதிர்வீச்சு மருத்துவர்கள் காத்திருக்கவில்லை. அவர்களுக்கு ஒப்பீடு அல்ல, மேசையில் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் கட்டிதான் பிரச்சினை. அமெரிக்காவில் நீனா மேயர் 1990களில் சிகிச்சையின் நடுவிலேயே மீண்டும் மீண்டும் எம்.ஆர்.ஐ. எடுத்து, கட்டி எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பது நோய் திரும்புமா என்பதை முன்னறிவிக்கும் என்று காட்டினார். 2005இல் ஐரோப்பியக் குழு ஒன்று, உள்ளே வைக்கும் கதிர்வீச்சின் அளவை எம்.ஆர்.ஐ.யில் தெரியும் கட்டியின் எல்லையை ஒட்டித் திட்டமிடும் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சிய 'ஏ புள்ளி' இங்கேதான் நகரத் தொடங்கியது. இந்த முறையைச் சோதிக்க வியன்னாவின் ரிச்சர்ட் பாட்டர் உள்ளிட்டோர் 2008இல் தொடங்கிய எம்பிரேஸ் ஆய்வில் இந்தியாவின் டாடா நினைவு மருத்துவமனையும் பங்கேற்றது. 1,341 பெண்களைக் கொண்ட அதன் முடிவு 2021இல் வந்தது: ஐந்தாண்டுகளில் 92 சதவீதத்தினருக்கு மூலக் கட்டி கட்டுக்குள் இருந்தது.

2009இல் ஃபிகோ படப் பரிசோதனையை ஊக்குவித்தது, கட்டாயமாக்கவில்லை. 2018இல், நிலையை முடிவுசெய்வதில் படங்களுக்கும் கதவு திறந்தது. திருத்தத்தை முன்னின்று எழுதியவர் புதுடெல்லி எய்ம்ஸின் நீர்ஜா பட்லா. எந்த நாடுகளின் வசதிக் குறைவைச் சொல்லி ஸ்கேனை விலக்கி வைத்தார்களோ அவற்றுள் ஒன்றிலிருந்தே இந்தத் திருத்தம் எழுந்தது. கூடவே 2 செ.மீ. என்ற புதுக்கோடும் வந்தது. கருப்பையைக் காத்துக் கருப்பை வாயை மட்டும் அகற்றும் அறுவையை லியோனில் டேனியல் டார்ஜான் 1987இல் தொடங்கினார். அதற்குத் தகுதியானவர் யார் என்பதைப் பெரும்பாலும் அந்த அளவே தீர்மானிக்கிறது. குழந்தை வேண்டும் என்னும் பெண்ணுக்கு 19 மி.மீ.க்கும் 23 மி.மீ.க்கும் இடையில் நிற்பது அவள் எதிர்காலம்.

பழைய விதிகாத்தவர்களின் அச்சமும் வெறும் பிரமை அல்ல. அளவுகோல் கூர்மையானால் நோயாளிகள் நிலை மாறுவார்கள். முன்பு 1பி என்று எழுதப்பட்டவர்களில் மோசமானவர்கள் மேல்நிலைக்குப் போக, இரு நிலைகளிலும் உயிர்பிழைப்பு விகிதம் உயர்ந்ததுபோல் தோன்றும். ஒருவர்கூடக் கூடுதலாகக் குணமாகியிருக்க மாட்டார். ஆல்வன் ஃபைன்ஸ்டைன் 1985இல் விளக்கிய இந்தப் புள்ளியியல் மாயையை, 2018க்கு முன்னும் பின்னுமான முடிவுகளை ஒப்பிடும் எவரும் கடந்தாக வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யின் அளவும் ஐயமற்றதல்ல. கருப்பை வாய் சாய்ந்து கிடக்கும். அதன் அச்சுக்குச் செங்குத்தாகப் படத்தை வெட்டாவிட்டால் கட்டி உருமாறித் தெரியும். திசுச் சோதனைக்குத் துண்டு எடுத்த சில நாட்களுக்குள் படமெடுத்தால் வீக்கமும் கட்டியோடு சேர்ந்துகொள்ளும். தவிர, 2018 விதி விரலை நீக்கிவிடவில்லை. வசதி இல்லாத இடத்தில் அதையே ஏற்கிறது. ஆகவே இன்று 1பி2 (2 முதல் 4 செ.மீ.க்குள் உள்ள கட்டி) என்று குறிக்கப்படும் இரு பெண்களில் ஒருவரை எம்.ஆர்.ஐ.யின் 1.5 டெஸ்லா காந்தமும் இன்னொருவரை ஒரு விரலும் அளந்திருக்கலாம். எந்த முறையில் நிலை முடிவானது என்பதையும் சேர்த்துப் பதியும்படி விதி கேட்கிறது.