நேற்று ராத்திரி என்ன சமையல்?

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்த மாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும். நேரம் கிடைக்கும்போது மெதுவாகப் படியுங்கள்.

போன வாரம் நம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது பேச்சு ராத்திரிச் சமையலுக்கு வந்தது. எனக்கு மகள் முறையாகும் ஒரு பெண், "வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர ஏழரை ஆயிருது சித்தி. பாதி நாள் மாவு பாக்கெட் தோசைதான். ஒரு நாள் ரெண்டு நாள் கடையில வாங்கிருவோம்" என்றாள். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் விடவில்லை. "எங்க காலத்துல ராத்திரி அடுப்பெரியாத வீடு உண்டுமா? தினம் தினம் சுடச்சுட ஆக்கிப் போட்டாங்க. இந்தக் கூத்தெல்லாம் இப்பத்தான்" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

நானும் பேசாமல் இருந்துவிட்டேன். சபையில் மூத்தவரை மறுத்துப் பேச மனசு வரவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவரும் இதைப் படிப்பார். அவர் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொன்ன "எங்க காலம்" எந்தக் காலம் என்று கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

நான் பிறந்தது 1958. அப்பத்தா வீடு வேடசந்தூர் பக்கம், வானம் பார்த்த புன்செய்க் காடு. கம்பு, சோளம், கடலை, பருத்தி. அந்த வீட்டில் ராத்திரி அடுப்பு எரியும், உண்மைதான். ஏனென்றால் ஒரு நாளில் அடுப்பு எரிவதே அந்த ஒரு வேளைதான்.

கம்பஞ்சோறு ஆக்குவது குக்கரில் அரிசி வைப்பது மாதிரி இல்லை. கம்பில் லேசாகத் தண்ணீர் தெளித்து, உரலில் போட்டுக் குத்தி, உமியைப் புடைத்து, மறுபடியும் குத்தி நொய்யும் மாவுமாக ஆக்க வேண்டும். பிறகுதான் உலையில் போட்டுக் கிண்டுவது. பகல் முழுக்கக் களை வெட்டிவிட்டு வந்த பொம்பளைகள் அந்தி நேரத்தில் உலக்கையைக் கையில் எடுப்பார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு "தொம் தொம்" என்று கேட்கும். சோறு இறங்க ராத்திரி எட்டு ஆகிவிடும். சின்னப் பிள்ளைகள் காத்திருந்து காத்திருந்து தூங்கிப் போவோம். எழுப்பித்தான் ஊட்டுவார்கள்.

சாப்பிட்டது போக மிச்சத்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பார்கள். மறுநாள் காலையில் அதுதான் கரைத்த கூழ். காட்டுக்குத் தூக்குவாளியில் போவதும் அதுதான். ஆக, ராத்திரிச் சமையல் என்பது ராத்திரிக்கு மட்டுமான சமையல் அல்ல. மறுநாள் முழுக்க வயிறு நனைவதற்கான சமையலும் அதுவே. நெல்லுச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.

விறகும் ஒரு காரணம். பருத்திமாரும் சோளத்தட்டைக் கட்டையும் எருவாட்டியும்தான் எரிப்பதற்கு. மூன்று வேளை எரிக்க அது எங்கே காணும்? டவுனிலோ சிறுமலையிலிருந்து தலைச்சுமையாக வரும் விறகைக் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அதே காலத்தில் திண்டுக்கல் டவுனில் என் பெரியம்மா வீடு. பெரியப்பாவுக்கு ஆபீஸ் வேலை, மாதச் சம்பளம். அங்கே காலை ஒன்பது மணிக்குள் சோறு, குழம்பு, ரசம் எல்லாம் ஆகிவிடும். ராத்திரி அதே சோற்றில் ரசமோ மோரோ ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டியதுதான். ராத்திரி அடுப்பு பற்றவைத்தால் பால் காய்ச்சத்தான். பெரியம்மாவை யாரும் சோம்பேறி என்று சொன்னதில்லை. நல்ல குடும்பத்துப் பொம்பளை என்றுதான் சொன்னார்கள்.

யோசித்துப் பாருங்கள். கூலிக்காரர் வீட்டில் ராத்திரி ஓர் உலை. சம்பளக்காரர் வீட்டில் காலையில் ஓர் உலை. இரண்டு இடத்திலும் நாளைக்கு ஒரு முழுச் சமையல்தான். எப்போது சமைப்பது என்பதைத் தீர்மானித்தது வேலை நேரமும் தானியமும் விறகும்.

அந்த ஒரு உலையும் தினம் கொதித்ததா? அதைச் சொல்லத்தான் எனக்கு 1965 ஞாபகம் வருகிறது. பாகிஸ்தானோடு போர் நடந்த வருஷம். நாட்டில் தானியப் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 திட்டத்தில் வரும் கோதுமையை நம்பியிருந்த காலம். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்களிடம் வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று கேட்டார். திங்கட்கிழமை ராத்திரி என்று ஆயிற்று. ஊர் ஊராக ஓட்டல்களைத் திங்கள் மாலையில் மூடினார்கள். "சாஸ்திரி விரதம்" என்றே அதற்குப் பெயர் வந்தது. நல்ல மனுஷர், நல்ல எண்ணத்தில் கேட்டார். பெரியம்மா வீட்டில் திங்கட்கிழமை ராத்திரி பாலும் பழமும்தான். எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் இதைப் பெரிய விஷயமாகச் சொன்னேன். அப்பத்தா சிரித்தார். "நமக்குத் திங்கக்கெழம மட்டுமாக்கும்?" என்றார். எனக்கு ஏழு வயசு, புரியவில்லை. மழை பெய்து வேலை இல்லாத நாளில் கூலி இல்லை. கூலி இல்லாத அன்றைக்கு உலை இல்லை. ஆறு ராத்திரி சமைக்கிற வீட்டிடம்தான் ஏழாவது ராத்திரியைக் கேட்க முடியும் என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

1967 தேர்தலில் அரிசிதான் பேச்சு. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னார். ஆட்சிக்கு வந்ததும் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தைத் தொடங்கினார். ஆனால் சென்னை, கோவை நகரங்களோடு அது நின்றது. எங்கள் காட்டுப் பக்கம் அது வரவில்லை.

இனி நான் சொல்லப் போவதை இத்தனை வருஷமாக யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை.

ஆசிரியர் பயிற்சி முடித்து 1981-ல் வேலையில் சேர்ந்தேன். ஒன்றியத் தொடக்கப் பள்ளி, மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் இறந்த காலம் நடத்தினேன். "நேற்று இரவு நான் ______ சாப்பிட்டேன்" என்று போர்டில் எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னேன். சுலபமாக இருக்கட்டும் என்றுதான் அந்த வாக்கியம். பிள்ளைகள் சோறு, களி, கூழ் என்று எழுதினார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் வாக்கியத்தையே மாற்றியிருந்தாள். "முந்தாநாள் இரவு நான் களி சாப்பிட்டேன்."

நான் கேட்டதை எழுதவில்லை என்று அதில் தப்புப் போட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு இடத்தில் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இலக்கணத்தில் அவள் எழுதியது சரி. பொய் எழுதக்கூடாது என்று நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்! இருபத்து மூன்று வயசு டீச்சருக்கு அந்த ஒரு வார்த்தையைப் படிக்கத் தெரியவில்லை. மறுநாள் அந்தத் தப்பை அடித்துவிட்டுச் சரி போட்டுக் கொடுத்தேன். ஆனாலும் முதல் நாள் அவள் முகம் இருந்த இருப்பு இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதன்பின் 35 வருஷம் அந்தக் கேள்வியை எந்த வகுப்பிலும் நான் கேட்கவில்லை.

மறு வருஷம், 1982 ஜூலை 1-ல், எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1956-லேயே காமராசர் மதிய உணவு கொண்டுவந்திருந்தார், அதை இது பெரிதாக்கியது. எங்கள் பள்ளியிலும் அடுப்பு மூட்டினார்கள். சில பிள்ளைகள் பாதி சாப்பிட்டுவிட்டு மீதியை ராத்திரிக்கும் தம்பி தங்கைக்கும் தூக்குவாளியில் எடுத்துப் போவார்கள். கூடாது என்று சொல்ல வேண்டிய இடத்தில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

பிறகு ரேஷன் அரிசி மலிந்தது. 2006-ல் கிலோ இரண்டு ரூபாய், 2008-ல் ஒரு ரூபாய், 2011 முதல் இலவசம். நம் பகுதியில் ராத்திரி உலை நிற்காமல் கொதிப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன். குறை சொல்கிறவர்கள் அந்த முந்தாநாள் களியை நினைத்துக்கொள்ளட்டும்.

சரி, பெரியவர் சொன்ன "தினம் தினம் சுடச்சுட" எந்தக் காலம்? கணக்குப் பார்த்தால் அது என் காலம்தான். 1980-களில் மண்ணெண்ணெய் ஸ்டவ் போய் கேஸ் வந்தது. கோவைக் கிரைண்டர் வந்தது, மிக்சி வந்தது, அப்புறம் பிரிட்ஜ். என் சிறுவயதில் தீபாவளிக்கு மட்டும் பார்த்த இட்லியும் தோசையும் தினசரி ராத்திரிப் பலகாரம் ஆயின. காலையில் ஒன்று, மதியத்துக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று மூன்று சமையல் செய்யும் வழக்கம் சாதாரணக் குடும்பங்களுக்கு வந்தது இப்படித்தான். ஆயிரம் வருஷப் பழக்கம் என்று நாம் நினைப்பதற்கு வயது நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே.

அதை யார் செய்தார்கள்? நான் ஐந்தரைக்குப் பஸ் பிடித்து, ஆறே காலுக்கு வீட்டுக்குள் நுழைந்து, சேலையைக்கூட மாற்றாமல் தேங்காய் துருவ உட்காருவேன். உங்கள் சார் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். "சட்னியில உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்பார். விடைத்தாள் திருத்த உட்காரும்போது பத்து மணி. கருவி வந்ததும் வேலை குறையும் என்று நினைத்தோம். கிரைண்டர் வந்ததும், ஒரு சட்னி போய் இரண்டு சட்னி ஆயிற்று.

மத்திய அரசு நேரப் பயன்பாடு பற்றி ஆய்வு எடுக்கிறது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிட்ட நேரம் 2019-ல் சராசரி 299 நிமிஷம். 2024-ல் 289. ஐந்து வருஷத்தில் குறைந்தது பத்தே நிமிஷம். வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு 2024-ல் 88 நிமிஷம். கணக்கு வாத்தியார்கள் யாரும் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். வேடசந்தூர் பக்கம் நூற்பாலை வேன்கள் கிராமம் கிராமமாகப் பெண்களை ஏற்றி இறக்குகின்றன. ஷிப்டுக்கு ஷிப்ட் வீட்டின் ராத்திரியே மாறுகிறது. என்னிடம் படித்த ஒருத்தி சொன்னாள்: "நைட் ஷிப்ட் வாரம் எனக்கு ராத்திரிச் சாப்பாடு காலையில ஆறரைக்கு டீச்சர்." அவள் வீட்டில் யார் எப்போது உலை வைப்பது? மாவு பாக்கெட்டும் பரோட்டாக் கடையும் இந்த இடத்தில்தான் உள்ளே வந்தன.

அதிலும் கவலை இல்லாமல் இல்லை. 2022-23 குடும்பச் செலவு ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் மாதச் செலவில் தானியத்துக்குப் போவது 5 சதவீதத்துக்கும் குறைவு. பானங்களுக்கும் தயாரித்த உணவுகளுக்கும் போவது 9.6 சதவீதம். தினமும் மைதா சாப்பிட்டால் உடம்பும் கெடும், கையும் கடிக்கும். சுகர் மாத்திரை போடுகிற நான் இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆனால் அது உடம்பைப் பற்றிய பேச்சு, காசைப் பற்றிய பேச்சு. ஒரு பெண்ணின் குணத்தை அளக்க அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போது ராத்திரி என்ன என்று கேட்பீர்கள். வாரத்தில் மூன்று நாள் மதியச் சோறும் ரசமும். இரண்டு நாள் கம்பங்கூழ், அப்பத்தா மெச்சாத அளவுக்குத் தண்ணீராக. மீதி நாள் தோசை, சார்தான் ஊற்றுகிறார். எழுபது வயசில் கற்றுக்கொண்டார். உப்பு ஒரு கல் தூக்கல் என்று நான் இன்னும் சொல்லவில்லை, சமயம் பார்த்திருக்கிறேன்.

காதுகுத்தில் தலை குனிந்த மகளே, அன்றைக்கே இதை உன் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். சித்தி தாமதமாகச் சொல்கிறேன். நீ குறைந்த எதையும் செய்யவில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வரும் மருமகளிடமும் மகளிடமும் "என்ன சமைச்சே?" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள். உங்கள் சின்ன வயசில் ராத்திரிக்கு என்ன இருந்தது என்று, மனம் இருந்தால், கீழே எழுதுங்கள். ஒன்றும் இல்லாத ராத்திரி இருந்திருந்தால் அதையும் எழுதலாம். இந்த முறை டீச்சர் தப்புப் போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மூணாம் வகுப்பு டீச்சர்